கொடிக்கப்பல்கள்: ஆண்ட்ராய்டு கைப்பேசிகளின் எழுச்சியும் வீழ்ச்சியும்

கல்வெட்டு, கோயில், காப்பியம் என்று எழுதிக் கொண்டிருக்க வேண்டிய நாம் கைப்பேசியைப் பற்றி எழுதப் புகுந்தது ஏன் என்று வாசகர்கள் வியக்கலாம். காரணம் நம் சட்டைப்பையில் இருக்கிறது. 2020 மார்ச்சுத் திங்களில், ஓராண்டுச் சேமிப்பைக் கரைத்து, சாம்சங் கேலக்ஸி எஸ்20 ஒன்றை வாங்கினோம். சில நாட்களிலேயே ஊரடங்கு வந்தது. சிலப்பதிகாரத்தையும் யாப்பிலக்கணத்தையும் அந்தச் சிறு திரையின் வழியாகவே மாணவர்களுக்கு நடத்தினோம். அப்படி உழைத்த கருவி இன்று பிற்பகல் மூன்று மணிக்கெல்லாம் மின்னூட்டம் தீர்ந்து படுத்துவிடுகிறது. வாங்கியபோது வந்தது ஆண்ட்ராய்டின் 10ஆம் பதிப்பு. 13ஆம் பதிப்போடு அதன் வளர்ச்சி நின்றுவிட்டது.

புதிய கைப்பேசி வாங்கியாக வேண்டும். அதே நிறுவனமா, வேறொன்றா? ஆசிரியர் அறையில் இக்கேள்வியை ஒருநாள் வாய்தவறிக் கேட்டுவிட்டோம். அவ்வளவுதான்! இயற்பியல் துறை நண்பர் ஒன்பிளஸ் கட்சி. வணிகவியல் துறையில் புதிதாகச் சேர்ந்த தம்பி பிக்சல் கட்சி. நூலகரோ, "இருக்கிறதை விட்டுவிட்டுப் பறக்கிறதைப் பிடிக்காதீர்கள் ஐயா" என்று சாம்சங்கிற்கு வாக்களித்தார். மூவரும் ஆளுக்கொரு ஒப்பீட்டுப் பட்டியலைக் காட்டினார்கள். மூன்று பட்டியலிலும் ஒவ்வொருவரின் கட்சியே வென்றிருந்தது.

ஒப்பீட்டுப் பட்டியல் ஒரு பொருளின் இன்றைய நிலையைச் சொல்லும். ஐந்தாண்டுகள் கழித்து அப்பொருளுக்கும் நமக்கும் என்ன ஆகும் என்பதைச் சொல்லாது. அதை ஓரளவேனும் ஊகிக்க வரலாறு ஒன்றுதான் வழி. ஆகவே, வாங்குவதற்கு முன் இந்தக் கைப்பேசிகளின் வரலாற்றைச் சற்றுப் புரட்டிப் பார்த்தோம். பார்த்ததை வாசகர்களோடு பகிர்ந்து கொள்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

கொடியும் கப்பலும்

ஒரு நிறுவனம் தன் வல்லமை முழுவதையும் காட்டிச் செய்யும் உயர்விலைக் கைப்பேசியை 'ஃப்ளாக்ஷிப்' என்கிறார்கள். கடற்படையிலிருந்து வணிகத்திற்குக் கடன் போன சொல் இது. படைத்தலைவன் ஏறிச் செல்லும் கப்பலில் அவனுடைய கொடி பறக்கும். அதைக் கண்டே மற்றக் கப்பல்கள் தம் இடத்தை அறியும். புலிக்கொடியும் விற்கொடியும் மீன்கொடியும் கண்ட நமக்குக் கொடியின் பொருளை விளக்க வேண்டியதில்லை. 'கொடிக்கப்பல்' என்றே நாமும் வழங்குவோம்.

ஆண்ட்ராய்டு என்ற இயங்குதளத்தை உருவாக்கிய நிறுவனம் 2003இல் கலிபோர்னியாவின் பாலோ ஆல்ட்டோ நகரில் தொடங்கப்பட்டது. ஆண்டி ரூபின் அதன் நிறுவனர்களுள் ஒருவர். 2005இல் கூகுள் அதை வாங்கியது. 2007 நவம்பரில் 34 நிறுவனங்கள் சேர்ந்த கூட்டணி ஒன்று அறிவிக்கப்பட்டது. இயங்குதளம் பொது, அதைக் கொண்டு யார் வேண்டுமானாலும் கைப்பேசி செய்யலாம் என்பதே ஏற்பாடு. நாம் இன்று "நிறுவனம் மாறலாமா?" என்று கேட்க முடிவதே இவ்வேற்பாட்டினால்தான். கடல் ஒன்று, கப்பல்கள் பல!

முதற்கொடி

முதற்கொடியை ஏற்றியது சாம்சங் அன்று. தைவான் நாட்டின் எச்டிசி. 2008 அக்டோபரில் அமெரிக்காவில் 'ஜி1' என்ற பெயரில் விற்பனைக்கு வந்த கைப்பேசியை அந்நிறுவனமே செய்தது. திரையைப் பக்கவாட்டில் தள்ளினால் உள்ளேயிருந்து விசைப்பலகை வெளிப்படும். 2010 சனவரியில் கூகுள் தன் பெயரில் விற்ற 'நெக்சஸ் ஒன்' கைப்பேசியையும் எச்டிசியே செய்து கொடுத்தது. 2011 ஏப்ரலில் அதன் சந்தை மதிப்பு நோக்கியாவின் மதிப்பையே விஞ்சியது. தொடங்கிப் பதினான்கு ஆண்டுகளே ஆன நிறுவனம், கைப்பேசி உலகின் சக்கரவர்த்தியாக இருந்த ஒன்றைத் தாண்டியது சிறிய செய்தியன்று.

அந்த நோக்கியாவின் முடிவு நம் மண்ணிலும் எதிரொலித்தது. 2011 பிப்ரவரியில், ஆண்ட்ராய்டு வேண்டாம் என்று முடிவு செய்து மைக்ரோசாப்டின் விண்டோஸ் இயங்குதளத்தை நோக்கியா தேர்ந்தது. அது கரைசேரவில்லை. 2014 ஏப்ரலில் கைப்பேசித் தொழில் மைக்ரோசாப்டின் கைக்குச் சென்றபோது, வரி வழக்கின் காரணமாகத் திருப்பெரும்புதூர் ஆலை அந்த விற்பனையில் சேரவில்லை. 2006இல் உற்பத்தியைத் தொடங்கிய அவ்வாலை 2014 நவம்பர் முதல் நாளோடு நின்றது. ஆயிரக்கணக்கானோர் வேலை இழந்தனர். வீழ்ச்சிக்குக் காரணங்கள் பல உண்டு. எனினும், எந்தக் கடலில் இறங்குவது என்று பின்லாந்தில் எடுத்த முடிவின் விளைவைக் காஞ்சிபுரம் மாவட்டத்துக் குடும்பங்களும் சுமந்தன என்பதை மறுக்க முடியாது.

கட்டங்களாகத் தெரிந்த தமிழ்

இங்கே ஒரு கேள்வி. அன்றைய கொடிக்கப்பல்களில் தமிழ் தெரிந்ததா?

2010ஐ ஒட்டிய ஆண்டுகளில் ஆண்ட்ராய்டு கைப்பேசியில் தமிழ்ப் பக்கத்தைத் திறந்து பார்த்தவர்களுக்கு அந்த வேதனை நினைவிருக்கும். எழுத்துகள் இருக்க வேண்டிய இடத்தில் வெறுங்கட்டங்கள் வரிசை கட்டி நிற்கும். எழுத்துரு சேர்க்கப்பட்ட கருவிகளிலும் கொம்பும் துணைக்காலும் இடம் மாறி விழுந்து, 'கொடி' என்ற சொல்லைப் படிப்பதற்கே பயிற்சி வேண்டியிருந்தது. உலகின் மிகச் சிறந்த திரை என்று விளம்பரம் செய்யப்பட்ட கருவியில் ஒரு குறளைப் படிக்க முடியாது!

மாற்று வழி ஒன்று இருந்தது. ஓப்ரா மினி உலாவியின் முகவரிப் பட்டையில் ஒரு கட்டளையைத் தட்டி, உள்ளமைப்புப் பக்கத்தின் அடியில் இருக்கும் ஒரு தெரிவை 'ஆம்' என்று மாற்ற வேண்டும். அதன்பின் அந்நிறுவனத்தின் வழங்கி தமிழ் எழுத்துகளைப் படங்களாக மாற்றி அனுப்பும். நாம் படித்தது எழுத்தையன்று, எழுத்தின் படத்தை. இந்த மந்திரத்தை ஒருவருக்கொருவர் சொல்லிக் கொடுத்த காலம் அது. கைப்பேசியில் தமிழை எழுத, முத்து நெடுமாறன் உருவாக்கிய செல்லினம் போன்ற செயலிகள் துணை வந்தன.

2011 இறுதியில் வெளிவந்த ஆண்ட்ராய்டு 4.0 முதற்கொண்டு, அடுத்தடுத்த பதிப்புகளில் இந்நிலை படிப்படியாகச் சீரானது. 2014இல் வந்த 5.0 பதிப்பில் நோட்டோ எழுத்துரு வரிசை இடம்பெற்றது. அவ்வெறுங்கட்டங்களை எழுத்துரு வல்லுநர்கள் 'டோஃபு' என்பார்கள். சோயாப் பாலில் செய்யும் கட்டியின் பெயர் அது. 'இனி டோஃபு இல்லை' என்பதன் சுருக்கமே நோட்டோ.

பதிப்பு வந்துவிட்டது, பழைய கொடிக்கப்பல்களுக்கு அது கிடைத்ததா? இல்லை. 2010 சனவரியின் நெக்சஸ் ஒன், 2.3 பதிப்போடு நின்றது. அதே ஆண்டு சூனில் வந்த சாம்சங்கின் முதல் கேலக்ஸி எஸ் கைப்பேசிக்கும் 4.0 வராது என்று 2011 திசம்பரில் அறிவிப்பு வந்தது. வாங்கி இரண்டு ஆண்டுகள்கூட ஆகாத உயர்விலைக் கருவிகள் அவை. 2011 மே மாதம் கூகுளும் கைப்பேசி நிறுவனங்களும் சேர்ந்து, பதினெட்டு மாதங்களுக்கு மேம்பாடு தருவோம் என்று கூட்டாக அறிவித்திருந்தார்கள் என்பதையும் இங்கே சேர்த்துப் படிக்க வேண்டும்.

ஆங்கிலத்தில் மட்டும் படிப்பவர்களுக்குப் புதிய பதிப்பு ஓர் அலங்காரமாக இருந்திருக்கலாம். தமிழ் படிப்பவர்களுக்கு அதுதான் கண். ஒரு கைப்பேசியின் மதிப்பு அது வாங்கப்படும் நாளில் முடிந்துவிடுவதில்லை என்ற பாடத்தை நாம் கற்றது இப்படித்தான்.

பரிசு ஒருபுறம், இழப்பு மறுபுறம்

2013ஆம் ஆண்டு ஒப்பீட்டுப் பட்டியல்களின் பொற்காலம். எச்டிசி தன் 'ஒன்' கைப்பேசியை அலுமினிய உடலோடு பிப்ரவரியில் அறிவித்தது. சாம்சங்கின் கேலக்ஸி எஸ்4 மார்ச்சில் நெகிழி உடலோடு வந்தது. எச்டிசியின் படக்கருவி 4 மெகாபிக்சல், சாம்சங்கினது 13. எண்ணிக்கையைக் குறைத்து ஒவ்வொரு புள்ளியின் அளவையும் பெருக்கினால் குறைந்த வெளிச்சத்திலும் படம் நன்றாக வரும் என்பது எச்டிசியின் வாதம். வாதத்தில் நியாயம் இருந்தது. ஆனால் பட்டியலில் 4க்கு எதிரே 13 என்று இருந்தால் வாங்குபவர் எதைப் பார்ப்பார்?

2014இல் பார்சிலோனாவில் நடந்த கைப்பேசி மாநாட்டில் சிறந்த திறன்பேசிக்கான பரிசு எச்டிசி ஒன் கைப்பேசிக்கே கிடைத்தது. அதற்குச் சில மாதங்கள் முன்னரே, 2013இன் மூன்றாம் காலாண்டில், எச்டிசி நட்டக்கணக்குக் காட்டத் தொடங்கியிருந்தது. 2017 செப்டம்பரில் அதன் கைப்பேசிப் பொறியாளர்களில் ஏறத்தாழ 2,000 பேரை 110 கோடி டாலர் கொடுத்துக் கூகுள் எடுத்துக்கொள்வதாக அறிவித்தது. முதற்கொடியை ஏற்றிய கப்பலின் மாலுமிகள் வேறு கப்பலுக்கு மாறினார்கள். பிக்சலை வாங்குபவர் எச்டிசியின் வழித்தோன்றல் ஒன்றை வாங்குகிறார் என்று சொன்னால் அது முழுப் பொய்யாகாது.

மோட்டோரோலாவின் கதை இன்னும் விந்தை. 2011இல் கூகுள் அதை 1,250 கோடி டாலருக்கு வாங்குவதாக அறிவித்தது. 2014 சனவரியில், காப்புரிமைகளில் பெரும்பகுதியைத் தன்னிடமே வைத்துக்கொண்டு, லெனோவாவிற்கு 291 கோடி டாலருக்கு விற்பதாக அறிவித்தது. கொடி பறந்தது, கப்பலின் உரிமையாளர் மட்டும் மாறிக்கொண்டே இருந்தார்.

எடுக்கப்பட்ட நினைவட்டை

இவ்வாண்டுகளில் கொடிக்கப்பல்களிலிருந்து ஒரு பொருள் மெல்ல மறைந்தது. நினைவட்டை செருகும் இடந்தான் அது. நெக்சஸ் ஒன்னுக்குப் பிந்திய நெக்சஸ் கைப்பேசிகளில் அது இல்லை. ஒன்பிளஸின் முதல் கைப்பேசியில் இல்லை. சாம்சங் 2015இல் கேலக்ஸி எஸ்6இல் அதை நீக்கி, 2016இல் எஸ்7இல் திருப்பித் தந்து, 2021இல் எஸ்21இல் மீண்டும் நீக்கியது. உடல் மெலிய வேண்டும், வேகம் கூட வேண்டும் என்று காரணங்கள் சொல்லப்பட்டன.

நமக்கு அதில் ஓர் இழப்பு உண்டு. அக்காலத்தில் நம்மிடமிருந்த கொடிக்கப்பல் ஒன்றிலும் நினைவட்டைக்கு இடமில்லை. நிறுவனத்தின் பெயர் இங்கே வேண்டா; தவற்றில் பெரும்பங்கு நம்முடையது. நம் ஊருக்குப் பக்கத்துச் சிற்றூரில் ஒப்பாரி பாடுவதில் பெயர்பெற்ற மூதாட்டி ஒருவர் இருந்தார். விடுமுறை நாட்களில் அவர் வீட்டுத் திண்ணையில் அமர்ந்து, பாடச் சொல்லிப் பதிவு செய்தோம். "செத்த வீட்டுப் பாட்டை உசுரோட இருக்கிற வீட்டுல பாடச் சொல்றியே சாமி" என்று முதலில் மறுத்தவர், பிறகு மனமிரங்கிப் பாடினார். ஏறத்தாழ பதினொரு மணி நேரம். வெற்றிலை இடிக்கும் ஓசைகூட இடையிடையே பதிவாகியிருந்தது.

ஒருநாள் காலையில் கைப்பேசி உயிர்பெறவில்லை. பழுது பார்க்கும் இடத்தில் தாய்ப்பலகை போய்விட்டது என்றார்கள். புதிய பலகை மாட்டித் தந்தார்கள். பழைய பலகையோடு ஒட்டியிருந்த நினைவகமும் அதிலிருந்த குரலும் போயின. படி எடுத்து வைக்க வேண்டும் என்று ஒவ்வொரு ஞாயிறும் நினைத்து, ஒவ்வொரு ஞாயிறும் தள்ளிப் போட்டவர் நாமே. மறுபடி அந்தத் திண்ணைக்குப் போனபோது மூதாட்டி காலமாகி நாற்பது நாட்கள் ஆகியிருந்தன. எந்த ஒப்பீட்டுப் பட்டியலையும் அதன்பின் நாம் பழைய கண்ணால் பார்த்ததில்லை.

தீயும் விலகலும் தடையும்

அடுத்து நடந்தவற்றைச் சுருக்கமாகப் பார்ப்போம். 2016 ஆகத்தில் வந்த கேலக்ஸி நோட் 7, அன்றைய பட்டியல்களில் முன்வரிசையில் நின்றது. மின்கலம் தீப்பற்றியதால் செப்டம்பர் 2ஆம் நாள் விற்றவற்றைத் திரும்பப் பெறும் அறிவிப்பு வந்தது. மாற்றாகத் தந்தவையும் தீப்பற்றவே, அக்டோபர் 11ஆம் நாள் உற்பத்தியே கைவிடப்பட்டது. இரண்டு நிறுவனங்கள் செய்து தந்த மின்கலங்களில் இரண்டு வெவ்வேறு குறைகள் இருந்ததாக 2017 சனவரியில் சாம்சங் விளக்கம் தந்தது. பட்டியலில் மின்கலத்தின் கொள்ளளவு இருக்கும். அதன் உள்ளே உறைகள் எப்படி மடிக்கப்பட்டன என்பது இருக்காது. ஆயினும் சாம்சங் அவ்வீழ்ச்சியிலிருந்து எழுந்துவிட்டது.

எல்ஜி எழவில்லை. கூகுளுக்காக நெக்சஸ் கைப்பேசிகளைச் செய்து தந்த நிறுவனம் அது. அடிப்பாகத்தைக் கழற்றி வேறு உறுப்பைப் பொருத்தும் ஜி5 கைப்பேசியை 2016இல் துணிந்து வெளியிட்டது. அந்த உறுப்புகளுக்கு அடுத்த ஆண்டுக் கைப்பேசியில் இடமில்லை. 2021 ஏப்ரல் 5ஆம் நாள் கைப்பேசித் தொழிலையே விட்டு விலகுவதாக எல்ஜி அறிவித்தது. ஹுவாவேயின் கதை வேறு வகை. படக்கருவியில் முன்னணியில் நின்ற அந்நிறுவனத்தை 2019 மே மாதம் அமெரிக்க அரசு வணிகத் தடைப்பட்டியலில் சேர்த்தது. அவ்வாண்டு செப்டம்பரில் வந்த மேட் 30 கைப்பேசியில் கூகுளின் சேவைகள் இல்லை. நல்ல கருவி, நல்ல நிறுவனம் என்று தேர்ந்தவரும் அரசியல் புயலைக் கணக்கில் கொள்ள முடியாது.

ஆண்டுகளின் கணக்கு

இவ்வரலாற்றில் நம்பிக்கை தரும் பகுதி ஒன்று உண்டு. 2017இல் வந்த ஆண்ட்ராய்டு 8 பதிப்பில், இயங்குதளத்தையும் வன்பொருள் சார்ந்த மென்பொருளையும் தனித்தனியே பிரித்தார்கள். அதனால் மேம்பாடு தருவது நிறுவனங்களுக்கு எளிதாயிற்று. 2020இல் சாம்சங் மூன்று பதிப்புகளுக்கு உறுதி கூறியது, 2022இல் நான்கு. 2023 அக்டோபரில் பிக்சல் 8 கைப்பேசிக்கு ஏழாண்டு மேம்பாடு என்று கூகுள் அறிவித்தது. மூன்றே மாதங்களில், 2024 சனவரியில், கேலக்ஸி எஸ்24க்கு அதே ஏழாண்டைச் சாம்சங்கும் அறிவித்தது. 2025 சூன் முதல், ஒரு கைப்பேசியின் விற்பனை நின்ற பிறகும் ஐந்தாண்டுகள் மேம்பாடு தர வேண்டும் என்று ஐரோப்பிய ஒன்றியம் சட்டமே செய்துவிட்டது. பதினெட்டு மாதங்களில் தொடங்கிய பயணம் ஏழாண்டிற்கு வந்திருக்கிறது.

இனி நண்பர்களின் பட்டியல்களுக்கு வருவோம். 2025இன் கருவிகளை எடுத்துக்கொண்டால், ஒன்பிளஸ் 13இன் மின்கலம் 6,000 மில்லி ஆம்பியர் மணி. கேலக்ஸி எஸ்25 அல்ட்ராவினது 5,000. 2020இன் எஸ்20 அல்ட்ராவிலும் அதே 5,000தான்! மின்னூட்டும் வேகத்திலும் ஒன்பிளஸ் முந்துகிறது: 100 வாட்டுக்கு எதிரே 45. ஆனால் ஒன்பிளஸ் கூறும் உறுதி நான்கு பதிப்புகளும் ஆறாண்டுப் பாதுகாப்புத் திருத்தங்களும். பிக்சல் 10இன் செயலியைத் தைவானின் டிஎஸ்எம்சி செய்து தருகிறது. அதற்கு முந்திய தலைமுறைகளைச் சாம்சங் செய்தது. வேகப் போட்டியில் பிக்சல் முதலிடம் பெறுவதில்லை. ஏழாண்டு உறுதியில் சாம்சங்கிற்குச் சமமாக நிற்கிறது. இயற்பியல் நண்பர் கணக்கில் பிழையில்லை. வணிகவியல் தம்பியின் கணக்கிலும் இல்லை. அவரவர்க்கு எது தேவையோ அதற்கேற்ப இருவரும் சரி.

என்ன முடிவு செய்தோம்?

முடிவெடுக்கும் முன் ஒரு சோதனை செய்தோம். வீட்டில் கிடந்த வேறு நிறுவனத்தின் பழைய கைப்பேசி ஒன்றில் நம் சிம் அட்டையைப் போட்டு ஒரு வாரம் புழங்கினோம். தொடர்பு எண்களும் நிழற்படங்களும் கூகுள் கணக்கின் வழியே தாமாக வந்து சேர்ந்தன. வாட்ஸ்அப் உரையாடல்களும் வந்தன. தமிழ்99 விசைப்பலகை தரும் செயலி எந்தக் கைப்பேசியிலும் நிறுவக்கூடியது என்பதால் விரல்களுக்கு மாற்றமே தெரியவில்லை. வராதவை எவை? கைப்பேசியோடு வந்த குறிப்புச் செயலியில் ஐந்தாண்டுகளாகச் சேர்த்த பாடக் குறிப்புகள், ஒலிப்பதிவுச் செயலியில் இருந்த கருத்தரங்க உரைகள், பூட்டிய கோப்புறையில் இருந்த சான்றிதழ்கள். அதாவது, எவற்றை இழந்தால் வருந்துவோமோ அவையெல்லாம்! ஒரு முறை சூடுபட்ட பிறகும் நாம் திருந்தவில்லை என்பது அன்று தெரிந்தது.

2011 சனவரியில் நாடு முழுவதும் எண் மாறாமல் தொலைத்தொடர்பு நிறுவனத்தை மாற்றும் வசதி வந்தபோது, எண் நம்முடையது, நிறுவனத்தினுடையது அன்று என்று மகிழ்ந்தோம். அதே உரிமையை நம் எழுத்துக்கும் குரலுக்கும் நாமேதான் ஏற்படுத்திக்கொள்ள வேண்டியிருக்கிறது. இரண்டு ஞாயிறுகள் செலவாயின. குறிப்புகளை எளிய உரைக் கோப்புகளாக்கினோம். ஒலிப்பதிவுகளைப் பெயரும் நாளும் இட்டு, இணையச் சேமிப்பில் ஒரு படியும், வீட்டில் ஒரு வன்தட்டில் மற்றொரு படியுமாக வைத்தோம்.

அதன்பின் கேள்வி வியக்கத்தக்க வகையில் எளிதாகிவிட்டது. இம்முறை சாம்சங்கிலேயே இருப்பது என்று முடிவு செய்தோம். பற்றினால் அன்று, ஏழாண்டு உறுதி உள்ள இரண்டு நிறுவனங்களுள் அதன் சேவை மையமே நம் கல்லூரியிலிருந்து நடந்து போகும் தொலைவில் இருக்கிறது. மின்கலம் மாற்றப் பேருந்தேறி ஒரு நாள் விடுப்பெடுக்க நம்மால் ஆகாது. சேவை மையம் அருகில் உள்ள ஊராயின் பிக்சலையே தேர்ந்திருப்போம். நாள்முழுதும் வெளியில் அலையும் தொழிலாயின் ஒன்பிளஸையே தேர்ந்திருப்போம். வாங்கிய நிறுவனம் நாளையே எச்டிசியைப் போல் தளர்ந்தாலும், எல்ஜியைப் போல் விலகினாலும், ஒரு மாலைப் பொழுதில் வேறு கைப்பேசிக்கு மாறிவிட நம்மால் இப்போது முடியும்.

புதிய கைப்பேசி வந்து சேர்ந்த முதல் ஞாயிற்றுக்கிழமை, அதே சிற்றூருக்குச் சென்றோம். மூதாட்டியின் மருமகளுக்கு அந்தப் பாட்டுகளில் நான்கைந்து நினைவிருப்பதாகச் சொன்னார்கள். "முழுசாத் தெரியாதுங்க சாமி, அங்கங்க விட்டுப்போகும்" என்றார் அவர். விட்டுப்போனவற்றோடே பதிவு செய்துகொண்டோம். வீடு திரும்பி, சோறு உண்ணும் முன் இரண்டு படிகள் எடுத்து வைத்தோம்.